சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது: உதவி தேவை (அவசரம்)

புதுச்சாவி (வெள்ளி, இரவு 10.12)
அனைவருக்கும் வணக்கம். மூன்று வருடமாகப் பாடுபட்டுப் புதுப்பித்த வண்டி சென்ற வாரம்தான் முதன்முறையாகச் சாலையில் இறங்கியது. காலையில் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லை. பிறகு இருமல் தும்மல் எதுவும் இல்லாமல், விளக்கை அணைத்ததுபோல் நின்றுவிடுகிறது. பானெட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் ஓடுகிறது. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்கள் அணிவகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

மூன்றாம் கியர் (10.19)
எந்த வண்டி?

நெடுஞ்சாலைக்காரன் (10.24)
எந்த வண்டியாக இருந்தாலும் இது வேப்பர் லாக்தான். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், சூட்டில் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. குழாயில் ஆவி அடைத்துக்கொண்டால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. ஆறினால் சரியாகிவிடும். நீங்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது. குழாயின்மேல் வெப்பம் தாங்கும் உறை சுற்றுங்கள்.

எண்ணெய்க்கை (10.31)
கண்டென்சர், அதாவது இக்னிஷன் சுற்றில் இருக்கும் சின்ன மின்தேக்கி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது விற்கும் கண்டென்சர்கள் சூடேறினால் செத்துவிடுகின்றன. என் அலமாரியில் ஏழு பிணங்கள் இருக்கின்றன. பழைய வண்டிகளைப் பிரிக்கும் இடத்தில் ஐம்பது வருடத்துக் கண்டென்சர் கிடைத்தால் அதைப் போடுங்கள்.

பழைய ஸ்பேனர் (10.47)
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியுடன் வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் ஏனோ யாருக்கும் இல்லை. தம்பி, "எல்லாவற்றையும்" என்ற பெயரில் ஒரு பாகம் எனக்குத் தெரிந்து எந்தப் பட்டியலிலும் கிடையாது. எதை மாற்றினீர்கள், எந்த வரிசையில் மாற்றினீர்கள், மாற்றுவதற்கு முன் என்ன அளந்தீர்கள்? மூன்றுக்கும் பதில் வரட்டும், பேசலாம்.

புதுச்சாவி (10.58)
மன்னிக்கவும் ஐயா. எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். திறந்த மேற்கூரை. சிவப்பு.

மூன்றாம் கியர் (11.01)
நிறம் சொன்னதற்கு நன்றி. எந்த ஆண்டு வண்டி? 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். மின்சாரம், கார்புரேட்டர், பம்பர் என்று ஒவ்வொன்றும் நடுவில் மாறியது. பேட்டரியின் எந்த முனை வண்டி உடலோடு சேர்ந்திருக்கிறது: நேர்முனை எர்த்தா, எதிர்முனை எர்த்தா? டைனமோவா, ஆல்டர்னேட்டரா? இக்னிஷன், பாயின்ட்டா (திறந்து மூடிக் காயிலின் மின்சாரத்தை வெட்டும் தொடுமுனை), எலெக்ட்ரானிக்கா?

துருவேட்டை (11.08)
வாழ்த்துகள் நண்பரே, அதை முதலில் சொல்கிறேன். இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் சில் பலகை இற்றுப்போனால் வண்டியே நடுவில் தொய்ந்துவிடும். சில் மாற்றினீர்களா? மாற்றும்போது கதவைப் பூட்டியே வைத்துப் பற்றவைத்தீர்களா? படம் இருந்தால் போடுங்கள்.

உங்கள் கோளாறுக்கு என் ஊகம் எர்த். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் எல்லா எர்த் போல்ட்டுக்கும் அடியில் பெயின்ட் உட்கார்ந்திருக்கும். என்ஜினிலிருந்து உடலுக்குப் போகும் பட்டைக் கம்பியைக் கழற்றி, வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

பழைய ஸ்பேனர் (11.15)
எர்த் கெட்டால் ஸ்டார்ட்டர்தான் முதலில் முனகும். இவருக்கு முதல் திருப்பிலேயே எழுந்துகொள்கிறது. படித்துவிட்டு எழுதலாம்.

புதுச்சாவி (11.30)
1973. குரோம் பம்பர். எதிர்முனை எர்த், ஆல்டர்னேட்டர். இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். பாயின்ட்தான். மாற்றியவை: பாயின்ட், கண்டென்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுவது) மூடி, பிளக், பிளக் கம்பிகள், காயில் (பொறிக்கு உயர் மின்னழுத்தம் தருவது), பெட்ரோல் பம்ப், வடிகட்டி. எல்லாம் புதியவை என்பதால் அவற்றில் பிரச்சினை இருக்காது. சில் மாற்றினேன், கதவைப் பூட்டி வைத்துத்தான். படம் பிறகு.

எண்ணெய்க்கை (11.33)
"புதியவை என்பதால் பிரச்சினை இருக்காது." இந்த வரியைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். புதியது என்றால் இன்னும் சோதிக்கப்படாதது என்றுதான் அர்த்தம்.

நெடுஞ்சாலைக்காரன் (11.40)
1973 என்றால் எச்ஐஎஃப்4 கார்புரேட்டர். இந்த என்ஜினில் உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கம். கார்புரேட்டர் இரண்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் சூட்டைத் தடுக்க இருக்க வேண்டிய தகட்டை மறுபடி மாட்டினீர்களா? புதுப்பிக்கும்போது பலர் அதைத் துரு என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

மீட்டர்முள் (11.52)
தகடு இருக்க வேண்டியதுதான், ஆனால் வேப்பர் லாக் இங்கே அவ்வளவு பொருந்தவில்லை அண்ணா. என்ஜினில் பொருத்திய பம்ப் தொலைவிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும் வண்டிகளில்தான் அந்தத் தொல்லை அதிகம். எம்ஜிபியில் மின்சார பம்ப் பின்னால், டேங்குக்கு அருகில் இருக்கிறது, அங்கிருந்து முன்னால் தள்ளுகிறது. சூட்டில் பெட்ரோல் கொதிப்பது பெரும்பாலும் வண்டியை நிறுத்திவைத்த பிறகு, காற்றோட்டம் இல்லாத நேரத்தில். இவருடையது ஓடும்போதே நிற்கிறது. பெட்ரோல் பற்றாமல் நிற்கும் வண்டி திணறும், குலுங்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் மறுக்கும். விளக்கை அணைத்ததுபோல் நிற்காது.

புதுச்சாவி, நாளை வண்டியை எடுத்துப் போங்கள். நிற்கும் அந்த நொடியில் கிளட்சை மிதிக்காதீர்கள். கியரிலேயே உருளட்டும். சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது டேக்கோமீட்டரை, அதாவது என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டரைப் பாருங்கள். முள் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் இக்னிஷனின் முதல்நிலைச் சுற்று (காயிலுக்கு 12 வோல்ட் போகும் பக்கம்) வேலை செய்கிறது, பெட்ரோலையோ உயர் மின்னழுத்தப் பக்கத்தையோ தேடலாம். என்ஜின் சுற்றும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் முதல்நிலைச் சுற்றில் மின்சாரம் அறுகிறது. அந்த மீட்டருக்குத் தகவல் வருவதே காயில் சுற்றிலிருந்துதான்.

சாவியைத் திருப்பி பம்பின் சத்தத்தையும் கேளுங்கள். டிக் டிக் என்று சில முறை அடித்து ஓய்ந்தால் நலம். ஓயாமல் அடித்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே போனால், மூடியில் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

கூரையில்லாதவன் (சனி, காலை 6.50)
பாயின்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுங்கள். கண்டென்சர் என்ற பேச்சே இருக்காது. இன்னும் நல்ல யோசனை: அதை விற்றுவிட்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்குங்கள். நான்கு சிலிண்டர், இரண்டு இருக்கை, பின்சக்கர ஓட்டம், கூரை திறக்கும், காலையில் எழுந்ததும் ஓடும். நான் அப்படித்தான் செய்தேன்.

துருவேட்டை (7.15)
எம்எக்ஸ்-5 பழைய காரா?

கூரையில்லாதவன் (7.22)
1989-இல் வந்தது. முப்பது வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. இதற்குமேல் என்ன வேண்டும், தாடியா?

பழைய ஸ்பேனர் (7.41)
வயது மட்டும் போதுமென்றால் என் குளிர்சாதனப் பெட்டியும் கிளாசிக்தான்.

கூரையில்லாதவன் (7.44)
ஐயா, உங்கள் எம்ஜிபியின் புது உடற்கூட்டை 1988-லிருந்து செய்து விற்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி, புதுக் கம்பிக்கட்டு, புது இருக்கை, மறுபடி துளைத்த என்ஜின் எல்லாம் போட்டு "1973" என்று பலகை மாட்டுகிறீர்கள். என் வண்டியில் முதல் பெயின்ட்டே இன்னும் இருக்கிறது. எது பழையது?

துருவேட்டை (8.02)
பெயின்ட் இருக்கும், அதன் அடியில் பின்சக்கர வளைவு இருக்கிறதா என்று விரலால் குத்திப் பாருங்கள்.

எண்ணெய்க்கை (8.10)
நான் எம்ஜிபியில் எலெக்ட்ரானிக் போட்டேன். ஒரு நாள் இரவு காரணமே சொல்லாமல் செத்தது. பாயின்ட் என்றால் உப்புத்தாளும் கால் மணி நேரமும் இருந்தால் வீடு சேரலாம். அசல் பாகம்தான் வேண்டுமென்று அடம்பிடிப்பவன் இல்லை நான், ஆனால் வழியில் என் கையால் சரிசெய்ய முடியாத பொருளை நம்பி இருட்டில் போக மாட்டேன். என் டிக்கியில் எப்போதும் ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டர் முழுதாக, நேரம் வைத்த நிலையில், துணியில் சுற்றிக் கிடக்கிறது.

மூன்றாம் கியர் (8.13)
கேள்வி கேட்டவரை எல்லோரும் மறந்துவிட்டோம்.

புதுச்சாவி (11.36)
இப்போதுதான் தள்ளிக்கொண்டு வந்தேன். டேக்கோமீட்டர் முள் சட்டென்று விழுந்தது. வண்டி மூன்றாவது கியரில் உருண்டுகொண்டிருந்தது, முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. மூடியில் உஸ் சத்தம் இல்லை. பம்ப் நாலைந்து முறை அடித்து நின்றது. தகடு இருக்கிறது.

மீட்டர்முள் (11.44)
அருமை. பெட்ரோலை மறந்துவிடலாம்.

நெடுஞ்சாலைக்காரன் (11.50)
இருந்தாலும் குழாய்க்கு உறை போடுவது நல்லது.

பழைய ஸ்பேனர் (12.05)
இப்போது பேசலாம். மிச்சம் இருப்பவை நான்கு: இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் வெள்ளைக் கம்பி, காயிலின் உள்சுற்று, கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் தட்டுக்குப் போகும் மெல்லிய கம்பி. ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு துண்டுக் கம்பியும் போதும்.

வண்டி நின்றதும், ஆற விடாமல், சாவியை அணைக்காமல் இதைச் செய்யுங்கள். பல்பின் ஒரு முனையை எர்த்தில் வையுங்கள். மறுமுனையைக் காயிலின் வெள்ளைக் கம்பி முனையில் தொடுங்கள். எரியவில்லையா, சுவிட்ச் அல்லது கம்பி. எரிந்தால், காயிலின் இன்னொரு முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் கம்பியைக் கழற்றிவிட்டு அந்த முனையைத் தொடுங்கள். எரியவில்லையா, காயில் உள்ளே அறுந்திருக்கிறது. எரிந்தால் காயில் குற்றவாளி இல்லை, தவறு டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். இரண்டு நிமிட வேலை. பல்பு தொடாமல் எதையும் மாற்றாதீர்கள்.

மீட்டர்முள் (12.20)
இன்னொன்று. காயில் புதியது என்றீர்கள். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது? உங்கள் குரோம் பம்பர் வண்டிக்கு நேரடி 12 வோல்ட் காயில், ஏறத்தாழ 3 ஓம். 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபிறகு கம்பிக்கட்டுக்குள்ளேயே மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ் கம்பி ஓடுகிறது, அதற்குரிய காயில் 1.5 ஓம் போல இருக்கும். வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. பிந்தைய காயிலை உங்கள் வண்டியில் மாட்டினால் இருமடங்கு மின்னோட்டம் போகும், இருமடங்கு சூடும் ஏறும். பாயின்ட்டும் கருகும். இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

புதுச்சாவி (12.31)
காயிலைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எழுத்து எதுவும் தெரியவில்லை, காயிலைப் பிடித்திருக்கும் பட்டி மறைக்கிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.

எண்ணெய்க்கை (12.33)
கண்டென்சரையும் பாருங்கள்.

துருவேட்டை (ஞாயிறு, மாலை 5.20)
அணிவகுப்பு என்னவாயிற்று? சில் படம் எங்கே?

மூன்றாம் கியர் (திங்கள், காலை 9.05)
தொலைந்தார்.

புதுச்சாவி (வியாழன், இரவு 9.48)
அனைவருக்கும் நன்றி. பட்டியைத் தளர்த்தியதும் அதன் அடியில் "வெளி ரெசிஸ்டருடன் மட்டும் பயன்படுத்தவும்" என்று சிறிய எழுத்தில் இருந்தது. மீட்டரில் 1.5. சனிக்கிழமை மாலையே 3 ஓம் காயில் ஒன்றை நண்பரிடம் வாங்கி மாட்டினேன். கையோடு கண்டென்சரையும் மாற்றிவிட்டேன். ஞாயிறு முழுவதும் நிற்கவில்லை.

மீட்டர்முள் (9.55)
மகிழ்ச்சி! பாயின்ட் முகத்தை ஒரு தடவை பாருங்கள், நீலம் பாரித்துக் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றி, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வையுங்கள்.

எண்ணெய்க்கை (9.57)
கண்டென்சர் என்று முதல் நாளே சொன்னேன்.

மீட்டர்முள் (10.02)
காயில் அண்ணா. 1.5 என்று எழுதியிருக்கிறாரே.

எண்ணெய்க்கை (10.04)
தவறான காயில் என்பதற்கு அது சான்று. அதுதான் வண்டியை நிறுத்தியது என்பதற்குச் சான்று எங்கே? அந்தச் சூட்டில், அந்த மின்னோட்டத்தில், கண்டென்சர்தான் ஷார்ட் ஆகியிருக்கும். முள் பூஜ்யத்தில் விழுவதும் அதற்கு ஒத்துவருகிறது.

பழைய ஸ்பேனர் (10.20)
பல்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரே மாலையில் இரண்டையும் மாற்றினால் எது செத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வண்டி ஓடுகிறது, நல்லது. ஆனால் எண்ணெய்க்கை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இதை நான் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. புதுச்சாவி, பழைய கண்டென்சரை மறுபடி மாட்டி, சரியான காயிலோடு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நின்றால் அவர் வென்றார், நிற்காவிட்டால் மீட்டர்முள். எங்களுக்காக ஒரு உதவி.

புதுச்சாவி (10.41)
குப்பை வண்டி செவ்வாய்க்கிழமையே வந்து போய்விட்டது ஐயா.