அப்பா பெயர் மூன்று ஐசியில் (அடையாள அட்டையில்) மூன்று விதமாக இருக்கிறது, பிள்ளை பிறக்கும் முன் திருத்தலாமா?

சிப்புட்_பையன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட். தாத்தாவும் அப்பாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள், நான் பட்டணத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். என் அப்பா பெயர் ஏழுமலை. நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் கிடையாது, அனாக் லெலாக்கிக்கு (மலாயில் 'மகன்', சுருக்கமாக ஏ/எல்) பின்னால் வரும் அப்பா பெயர்தான் அந்த இடத்தில் நிற்கிறது, அதனால் பேங்கு, கிளினிக், கூரியர்க்காரர் என்று யாராக இருந்தாலும் என்னை மிஸ்டர் போட்டு அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதுவும் 'எலு... எலுமா...' என்று பாதியில் நின்றுவிடும், நானே எழுந்து கையைத் தூக்குவேன். இருபது வருஷமாக இப்படித்தான், பழகிவிட்டது.

பழகாத விஷயம் போன வருஷம் வந்தது. அப்பா தவறிய பிறகு அவர் சேமிப்புப் பணத்துக்காக அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அப்பா ஐசியில் பெயர் ஒய் எழுத்தில் தொடங்கி ஒய்யில் முடிகிறது. என் ஐசியில் ஈயில் தொடங்கி ஐயில் முடிகிறது. தங்கச்சியுடையதில் நடுவில் இரண்டு எல். கவுண்டரில் இருந்தவர் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, இது ஒரே ஆள்தானா என்று கேட்டார். அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், தாளில் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கூட வாழ்ந்த மனுஷன் யார் என்று அவரிடமே கேட்டது போல ஆகிவிட்டது, அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிடவே இல்லை.

இப்போது மனைவிக்கு எட்டாம் மாதம். பிள்ளை பிறக்கும் முன் என் ஐசியில் அப்பா பெயரைத் திருத்திவிடலாமா? திருத்தினால் அப்பா ஐசியில் உள்ள மாதிரியா, அல்லது ழகரம் தெரிகிற மாதிரி இசட் எச் போட்டா? இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. என் பிள்ளைக்குப் பின்னால் என் பெயர்தான் வரும், அப்பா பெயர் என்னோடு நின்றுவிடும். இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாரம்_அண்ணன் எழுதியது:

தம்பி, தோட்டத்து ஆட்களுக்குப் பாரம் எழுதிக் கொடுத்து எனக்குப் பல வருஷப் பழக்கம், நேராகச் சொல்கிறேன். அவசரப்பட்டு ஐசியில் கை வைக்காதீர்கள். நீங்கள் ஒன்றைத் திருத்தினால் எஸ்பிஎம் பள்ளிச் சான்றிதழ், லைசென்ஸ், கல்யாணப் பதிவு, வீட்டுக் கடன், காப்புறுதி எல்லாவற்றிலும் பழைய எழுத்து இருக்கும், அப்புறம் ஒவ்வொரு கவுண்டராகப் போய் நீங்கள்தான் நீங்கள் என்று விளக்க வேண்டியிருக்கும். உங்களைக் காப்பாற்றுவது ஐசியில் உள்ள அந்த 12 இலக்க எண். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராவில் பிறந்திருந்தால் 08), கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. எழுத்து மாறினாலும் எண் மாறாது. எந்தக் கடிதம் எழுதினாலும் பெயருக்குக் கீழே அப்பா எண்ணையும் போட்டே எழுதுங்கள்.

இப்போதைக்கு உங்களுக்குத் தேவை ஒரு சத்தியப் பிரமாணக் கடிதம், மலாயில் சூராட் அக்குவான் பெர்சும்பா என்பார்கள், 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போடுவது. மூன்று எழுத்துக்கூட்டலையும் அப்படியே எழுதி, மூன்றும் இன்ன எண்ணுள்ள ஒரே மனிதரைக் குறிக்கும் என்று சொல்லுங்கள். அப்பாவின் பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், அம்மாவின் கல்யாணப் பத்திரம் எல்லாவற்றின் நகலையும் சேர்த்து வையுங்கள். ஒன்று போதாது, நாலைந்து செட் எடுத்துக்கொள்ளுங்கள். ஐசியில் இருப்பது தெளிவான பதிவுப் பிழை, அதாவது உங்கள் பிறப்புப் பத்திரத்தில் ஒன்று ஐசியில் வேறொன்று என்றால், அப்போது பதிவிலாகாவுக்குப் போங்கள், அது வேறு கதை.

பிள்ளை விஷயத்தில் கவனம் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் இருக்கிறது, அதனால் பிரசவக் களைப்போடு ஓடிப்போய், அவசரத்தில் தாளைச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் பெயர், மனைவி பெயர், பிள்ளை பெயர் மூன்றையும் ஐசியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். அங்கே ஐந்து நிமிஷம் கூட நின்றால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் அலைச்சல் மிச்சம்.

ஓய்வுபெற்ற_டீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் அம்மா சாப்பிடவில்லை என்று படித்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நான் தோட்டப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் வருகைப் பதிவேடு எழுதியவள். ஒரே வீட்டில் நாலு பிள்ளைகள், நாலு பேருக்கும் அப்பா பெயர் நாலு விதம், இதெல்லாம் வருஷம் தவறாமல் பார்த்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் அப்பா ஐசியில் இருப்பதைப் பிழை என்று நினைக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் தோட்டத்தில் யார் 'ஏழுமலை' என்று எழுத்தில் உள்ளபடி சொன்னார்கள்? 'யேளுமல' என்றுதானே கூப்பிட்டார்கள்? ஏகாரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் பேச்சில் ஒரு யகரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் பாட்டி போய்ப் பிறப்பைச் சொல்லியிருப்பார், எழுதியவர் கேட்டதை எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக் கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்) பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத்தார். அவரவர் பழக்கப்படி எழுதினார்கள். லட்சுமணன் இங்கே லெட்சுமணன் ஆனது, அதற்குள் ஒரு டியும் வந்து சேர்ந்தது. சுப்பிரமணியத்துக்கு B எழுத்துக்குப் பதில் P வந்தது, கணேசன் கேயில் தொடங்கினார். தமிழில் ஒரே ககரம் இரண்டு ஒலிக்கும் பொது, எழுதுகிறவர் எதைக் கேட்டாரோ அதைப் போட்டார். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் எப்படி ஏறியதோ அப்படித்தான் சம்பளம், அப்படித்தான் காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், கூப்பிடுவார்கள், கடைசியில் அதுவே அவர் பெயராகிவிடும்.

நம் ஊருக்கு இதில் தனிப் பங்கும் இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்ட பிறகுதான் அவசரகாலம் வந்தது, அந்த வருஷமே 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்றானது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்கு அப்போதுதான் முதல் முறையாகத் தங்கள் பெயர் ரோமன் எழுத்தில் கிடைத்தது. என் அப்பா அந்த அட்டையைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு வாசிக்கத் தெரியாது, நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்து வந்து வாசித்துக் காட்டினேன்.

அப்பா பெயர் உங்களோடு நின்றுவிடும் என்கிறீர்களே, பேரன் என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள் தம்பி. பெயரன்தான் பேரன் ஆனது, தாத்தா பெயரைத் தாங்குகிறவன். பெண் பிள்ளையானால் பெயர்த்தி, அதுதான் பேத்தி. அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் (மகள்) என்று எழுதும் வழக்கம் வந்தது பிறகு, பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் நம்மிடம் அதற்கும் முன்னாலிருந்தே உண்டு.

யாழினி_அப்பா எழுதியது:

ழகரத்துக்கு இசட் எச் போடும் யோசனையை மட்டும் தயவுசெய்து ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். நான் மூத்த மகளுக்கு அப்படித்தான் போட்டேன், தமிழ் கெடக்கூடாது என்று ஆசையாகப் போட்டது. மலாய்க்காரர்களுக்கு அஸ்ஹார் என்ற பெயர் நன்றாகப் பழக்கம், அதுவும் இதே இசட் எச்தான், அங்கே இரண்டும் தனித்தனி ஒலி. அதனால் என் மகளைப் பள்ளியில் 'யாஸ்ஹினி' என்கிறார்கள். சீன டீச்சர் ஒருவர் 'யாசினி' என்கிறார். எல் போட்டிருந்தால் யாலினி என்றாவது கிட்டத்தில் வந்திருக்கும். பிள்ளை முதலாம் ஆண்டில் அழுதுகொண்டு வந்தாள், எனக்கு மனசு கேட்கவில்லை, நேரே போய் வகுப்பாசிரியரிடம் நாக்கை எப்படி மடக்க வேண்டும் என்று சொல்லிக் காட்டினேன், அவரும் பொறுமையாக முயற்சி செய்தார், இப்போது ஓரளவு வருகிறது. இரண்டாவது பிள்ளைக்கு ழகரமே இல்லாத பெயராக வைத்தோம், அதை நினைத்தாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சிப்புட்_பையன்:

டீச்சர், 'யேளுமல' என்று படித்ததும் எனக்கு ஆயாக் கொட்டகை (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) வாசலில் நின்று பாட்டி அப்பாவைக் கூப்பிட்ட சத்தம் அப்படியே கேட்டது. நன்றி.

ஈப்போ_அக்கா எழுதியது:

எழுத்தை எல்லாரும் பேசிவிட்டீர்கள், உச்சரிப்பைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் மருத்துவமனையில் நாள் முழுக்கப் பெயர் கூப்பிடும் வேலை செய்கிறவள், மேசையின் இந்தப் பக்கம் எப்படி என்று எனக்குத் தெரியும். பெயரைத் தப்பாகச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பயந்துகொண்டுதான் சொல்கிறார்கள். மலாயில் ஈ எழுத்துக்கு இரண்டு ஒலி இருக்கிறது, உங்கள் அப்பா பெயரைப் பார்க்கிறவருக்கு முதல் எழுத்திலேயே எது என்று தெரியாது, அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். கையை மட்டும் தூக்காதீர்கள், 'ஏ' என்று நீட்டி ஒரு முறை சொல்லுங்கள், அர்த்தத்தையும் சொல்லுங்கள், துஜோ புக்கிட், ஏழு மலை, திருப்பதி சாமி பெயர் என்று. அர்த்தம் தெரிந்த பெயர் மறக்காது. என்னோடு வேலை செய்யும் மலாய்க்காரத் தங்கச்சி ஒருத்தி இப்போது தாமரைச்செல்வி என்ற பெயரை நம்மாட்களை விட நன்றாகச் சொல்கிறாள், ஒரு நோயாளிப் பாட்டி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததுதான். கோலாலம்பூரில் மோனோரயிலில் துன் சம்பந்தன் நிலையம் இருக்கிறது, அந்தக் காலத்து அமைச்சர், நம் ஊர்க்காரர் பெயர்தானே, தினமும் எத்தனை இனத்து ஜனங்கள் தடுமாறாமல் சொல்லி டிக்கெட் எடுக்கிறார்கள். நாமும்தான் குவாலாலும்பூரைக் கோலாலம்பூர் ஆக்கி வைத்திருக்கிறோம், அதில் யாரும் நம்மைக் கோபித்துக்கொள்ளவில்லை.

விமான டிக்கெட் எடுக்கும்போது மட்டும் கவனம். அனாக் லெலாக்கியைச் சுருக்கி எழுதும் ஏ/எல்லில் நடுவில் இருக்கும் சாய்கோட்டைப் பல இணையப் பாரங்கள் ஏற்காது, பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியிலும் அந்தக் கோட்டுக்கு இடமில்லை. ஒட்டி எழுதிவிடுவோம், அப்புறம் வெளிநாட்டில் 'அல்' என்பதே நம் பெயர் என்று நினைத்துக் கூப்பிடுவார்கள். என் தம்பிக்கு இது நடந்தது. நம் பாஸ்போர்ட்டில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரிவே கிடையாது என்பதை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சிப்புட்_பையன் எழுதியது (மூன்று மாதம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி சொல்ல வந்தேன். பாரம் அண்ணன் சொன்னபடி பிரமாணக் கடிதம் முடித்துவிட்டேன், அப்பா பணமும் அம்மா பெயருக்கு வந்துவிட்டது. என் ஐசியை மாற்றவில்லை. தங்கச்சியும் மாற்றப் போவதில்லை என்கிறாள்.

மகள் பிறந்திருக்கிறாள். பெயர் ஏழிசை. தாத்தாவின் ஏழு அவளுக்கு முன்னால் இருக்கட்டும் என்று மனைவிதான் யோசித்தாள். யாழினி அப்பா சொன்னதை நினைத்து எல் போட்டே பதிந்தோம், தமிழ் என்ற சொல்லையே எல் போட்டுத்தானே எழுதுகிறோம். நாற்பத்தோராம் நாள் பதியப் போனேன், தாளை வாங்கி விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா எப்படிச் சொல்வது என்று கேட்டார். 'ஏ' என்று நீட்டிச் சொன்னேன், ஏழு சுரம் என்று அர்த்தமும் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ழகரம் வரவில்லை, ஆனால் 'ஏ' நன்றாக நீண்டது.

அம்மா வீட்டில் பிள்ளையை 'யேளு' என்று கூப்பிடுகிறார்.