இயற்கை உரம் போட்டால் நெல் சத்தைக் கூடுதலாக எடுக்குமா?

வெண்ணாற்றங்கரையான்:
எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர். குறுவை அறுத்த பின் நடும் இந்தத் தாளடிப் போகத்தில் ஓர் ஏக்கருக்கு வழக்கம்போல டிஏபி அடியுரம், யூரியா மேலுரம் போட்டேன். இன்னோர் ஏக்கரில் ரசாயனமே கிடையாது. குறுவை வைக்கோலை அப்படியே மடக்கி உழுது, ஐந்து டன் சாண எரு அடித்து, நான்காம் நாள் நட்டுவிட்டேன். இரண்டிலும் ஆடுதுறை 46 நெல் ரகம், ஒரே நாற்று. இன்றோடு 25 நாள். யூரியா வயல் பச்சை கட்டித் தூர் வெடித்து நிற்கிறது. எரு வயல் நட்டது நட்டபடி வெளிறிக் கிடக்கிறது. இயற்கை உரம் என்றால் பயிர் சத்தை நன்றாக இழுக்கும் என்று நம்பித்தான் இறங்கினேன். எங்கே பிசகியது?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, நீர் தேங்கிய வயலில் நெல் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பெரும்பாலும் அம்மோனியமாகத்தான் எடுக்கிறது. அது சாணத்திலிருந்து வந்ததா, மூட்டையிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. நல்ல தொழு உரத்திலேயே தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். ஐந்து டன்னுக்கு 25 கிலோ. அதிலும் ஒரு பகுதிதான் இந்தப் போகத்துக்குக் கிடைக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ இருக்கிறது, சில நாளில் அம்மோனியமாக மாறிவிடும். இது போன்ற மத்திய கால ரகத்துக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 60. தூர் கட்டும் நேரத்தில் பயிருக்குப் பசி அதிகம். அப்போது உங்கள் எரு மெதுவாகத்தான் பரிமாறும்.

தக்கைப்பூண்டு:
தம்பி, அந்த 21 கிலோவும் பயிருக்குப் போகிறது என்று யார் சொன்னது? நெல்வயலில் வீசும் யூரியாவில் பயிர் எடுப்பது பொதுவாக 30, 40 சதவீதம். பகலில் வயல்நீரில் உள்ள பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், தண்ணீரில் காரத்தன்மை ஏறும், அம்மோனியா காற்றோடு போகும். யூரியா போட்ட வயலிலும் பயிர் எடுக்கும் தழைச்சத்தில் பாதிக்குக் குறையாமல் மண்ணில் ஏற்கெனவே இருந்ததுதான். உரத்திலிருந்து வந்தது எது என்று பிரித்தறிய அடையாளமிட்ட நைட்ரஜனைப் போட்டுப் பார்த்த ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அந்தக் கையிருப்பு குப்பையும் வேரும் தாளும் மக்கிச் சேர்ந்தது.

அப்புறம், சாம்பல்சத்தை, அதாவது பொட்டாசியத்தை, பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. மெஷினை விட்டு வைக்கோலைக் கட்டுக் கட்டாக விற்றுவிடுகிறோம். பொட்டாஷும் போடாமல் யூரியாவை மட்டும் வீசுகிறோம். இலை கறுத்துச் சதசதவென்று நிற்கும், பின்னாலேயே குலைநோயும் புகையான் பூச்சியும் வரும். எங்கள் தெருவில் ஒவ்வொரு வருடமும் இதைப் பார்த்து வயிறு எரிகிறது.

கணக்குப்பிள்ளை:
வீணாவது உண்மைதான் அக்கா. அதற்குத்தானே பிரித்துப் போடச் சொல்கிறார்கள்? இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு, நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை வயலில் இறங்க வேண்டும். நிறம் 4க்குக் கீழே போனால் போடலாம், வெள்ளைப் பொன்னிக்கு 3. எருவை அப்படி நிறுத்தவோ கொடுக்கவோ முடியாது. இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டி வந்தது. அதற்குள் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்துவிட்டது. பட்டினி கிடந்தவன் விவசாயிதான்.

தக்கைப்பூண்டு:
போதுமான எருவும் இல்லாமல், மண்ணுக்கு அவகாசமும் தராமல் உத்தரவு போட்டார்கள். அதை வைத்து எருவைத் தீர்ப்பிட வேண்டாம். நான் வயலை மாற்ற நான்கு வருடம் எடுத்துக்கொண்டேன். முதல் வருடம் எனக்கும் மூட்டை குறைந்தது, மறைக்கவில்லை. நடவுக்கு முன்னால் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் முன்பே மடக்கிவிடுவேன். இளம் தண்டு சீக்கிரம் மக்கி, தூர் கட்டும் நேரத்துக்குச் சரியாகச் சத்து விடும்.

மண்வாசகன்:
நீங்கள் இருவரும் அந்த வைக்கோலை விட்டுவிட்டீர்கள். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 பங்குக்கும் மேல் கரிச்சத்து (கார்பன்) இருக்கிறது. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாது. அதனால் மண்ணில் இருப்பதையும் எருவில் வருவதையும் அவையே பிடித்து வைத்துக்கொள்ளும். சில வாரம் கழித்துத்தான் திருப்பித் தரும். நான்கு நாளில் நட்டால் பயிர் பட்டினி கிடக்காமல் என்ன செய்யும்?

வெண்ணாற்றங்கரையாரே, ஒரு குத்தைப் பிடுங்கி வாய்க்காலில் வேரைக் கழுவிப் பாருங்கள். செம்பழுப்பாக, துரு பூசியதுபோல் இருந்தால் நல்லது. தண்டு வழியாக வந்த காற்றை வேர் வெளியே விடுகிறது, அதனால்தான் இரும்பு அங்கே துருவாகப் படிகிறது. கறுப்பாக இருந்து அழுகிய முட்டை வாடை அடித்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. அந்த நிலையில் எதைப் போட்டாலும் எடுக்காது.

வெண்ணாற்றங்கரையான்:
இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். எரு வயலில் வேர் கறுப்பு, மிதித்த இடமெல்லாம் குமிழி, நீங்கள் சொன்ன அதே வாடை. யூரியா வயலில் செம்பழுப்பு. என்ன செய்யட்டும்?

மண்வாசகன்:
தண்ணீரை வடித்துவிடுங்கள். மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிட்டு, பிறகு மெல்லியதாகப் பாய்ச்சுங்கள். இனிமேல் இப்படிக் காயவிட்டுப் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமாகவே இருக்கட்டும். புது வெள்ளை வேர் வந்த பிறகு மேலுரம்.

கணக்குப்பிள்ளை:
மேலுரம் என்றால் அரை மூட்டை யூரியா, கொஞ்சம் பொட்டாஷ். சரிதானே?

தக்கைப்பூண்டு:
யூரியாவுக்குப் பதில் புண்ணாக்கு போடலாம் என்றால், 50 கிலோ கடலைப் புண்ணாக்கில்கூடத் தழைச்சத்து மூன்றரை கிலோதான். இந்தப் போகத்துக்கு அரை மூட்டை யூரியா போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். பயிர் சாகக் கூடாது. அடுத்த முறை வைக்கோலை மடக்கினால் மூன்று வாரமாவது விட்டு நடுங்கள். கோடையில் தக்கைப்பூண்டு விதை வேண்டுமென்றால் சொல்லுங்கள், என்னிடம் இருக்கிறது.

வெண்ணாற்றங்கரையான்:
வடிகாலை வெட்டிவிட்டேன் அக்கா. ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை?

தக்கைப்பூண்டு:
20 கிலோ. சித்திரையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.