கணினிக்குக் கணினி மாறும் பயனர் எண்கள்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் லினக்ஸ் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். கணக்குகளும் குழுக்களும் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே உருவாக்கப்பட்டதால், ஒரே ஊழியருக்கு அலுவலகத்தில் 1001 என்றும் பல்லடம் சாலைக் கிளையில் 1004 என்றும் பயனர் எண் (UID) அமைந்துள்ளது. பிணையம் வழியே கோப்புகளைப் பகிரும் முறையான என்எஃப்எஸ்-இன் (NFS) மூன்றாம் பதிப்பில் பகிரப்படும் கோப்புகளுக்கு உரிமையாளரின் பெயரன்றி எண்ணே அடையாளம் என்பதால், வடிவமைப்பாளரின் கோப்பு கிளையில் வேறொருவருடையதாகிவிடுகிறது. வாடிக்கையாளர்கள் நம்பி ஒப்படைத்த வடிவங்கள் அவை; இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

பயனர் பட்டியல் அடங்கிய கணக்குக் கோப்புகளை, கோப்புகளை நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் (rsync) மூலம் அப்படியே நகலெடுக்கலாம் என்கின்றனர். ஆனால் 1000-க்குக் கீழுள்ள அமைப்புக் கணக்குகளின் (கணினியின் உள் சேவைகளுக்கானவை) எண்கள் உபுண்டு, ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளில் வேறுபடுவதால் அது ஆபத்தானது. கணக்குகளை மையமாகப் பகிரும் பழைய முறையான என்ஐஎஸ் (NIS) பாதுகாப்பில் மிகவும் பின்தங்கியது. கணக்குகளை மையமாக வைத்திருக்கும் எல்டாப்புடன் (LDAP), ஒவ்வொரு கணினியிலும் அவற்றைப் பெற்றுத் தரும் எஸ்எஸ்எஸ்டியை (SSSD) இணைத்து, சேமித்து வைத்த விவரங்களைக் கொண்டு உள்நுழையும் வசதியையும் இயக்கிவிட்டால், மைய வழங்கி நின்றுபோன நேரத்திலும் அந்தக் கணினியில் முன்பு ஒருமுறையேனும் உள்நுழைந்தவர்கள் பணியைத் தொடரலாம் என்பதால் அதையே விரும்புகிறேன்.

என் ஐயம் இதுதான்: 1001 என்பது 1004 ஆகவும், பழைய 1004 வேறெண்ணாகவும் மாறும்போது கோப்புகளின் உரிமை குழம்பாதிருக்க, எல்லாவற்றையும் முதலில் ஒரு தற்காலிக எண் வரிசைக்கு மாற்றிவிட்டுப் பிறகு உரிய எண்ணுக்குக் கொண்டுவருவது போதுமா? குழு எண்களையும் அதே சுற்றில் மாற்றலாமா? கோவை, ஈரோடு வட்டாரத்தில் இதைச் செய்து முடித்தவர்கள் தாங்கள் பின்பற்றிய வரிசையை எழுதினால் பேருதவியாக இருக்கும்.