திருவொற்றியூர்க் குடியிருப்பில் ஒரு வெந்நீர்க் கணக்கு

1-சி அக்கா, காலை 6:52
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கீசரின் தொட்டி நேற்று ஓட்டையாகிவிட்டது. ஹீட் பம்ப் வாங்கினால் வெந்நீருக்கான மின்செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். ஒன்றரை வருடமாக அதைப் பயன்படுத்தும் 3-ஏ அண்ணன் இது உண்மையா என்று சொல்ல வேண்டும்.

3-ஏ அண்ணன், காலை 7:15
தங்கச்சி, அவர் சொன்னது உண்மைதான். கீசரின் காயில், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் வெப்பத்தைப் பின்பக்கம் தள்ளுவதைப் போல, வெளிக்காற்றின் வெப்பத்தைக் கம்ப்ரசர் மூலம் தண்ணீருக்கு மாற்றுகிறது. அதனால் நம் ஊர்க் காற்றில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது.

ஆனால் அந்தக் கருவிக்குச் சாதகமான அதே வெயில் மேல்நிலைத் தொட்டியையும் சூடாக்கிவிடுவதால், இங்கே மிச்சப்படுத்த இருப்பதே குறைவு. எங்கள் வீட்டில் ஆறு பேர். ஆளுக்கு 20 லிட்டர் வீதம் 120 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 1.7 யூனிட் வெப்பம் போதும். ஹீட் பம்ப்புக்கு அதில் 0.6 யூனிட் மின்சாரமே செலவாகும் என்றாலும், 200 லிட்டர் தொட்டி இரவு முழுவதும் ஆறிக்கொண்டிருப்பதால் சேமிப்பில் ஒரு பகுதி அங்கே போய்விடுகிறது.

1-சி அக்கா, காலை 7:22
நாங்கள் மூன்று பேர்தான், அண்ணா. அத்தைக்கு மட்டுமே தினமும் வெந்நீர் வேண்டும்.

3-ஏ அண்ணன், காலை 7:30
அப்படியானால் வாங்க வேண்டாம். நல்ல நட்சத்திரக் குறியீடு உள்ள 10 லிட்டர் கீசரை வாங்கி, குளிப்பதற்குச் சற்று முன்பு மட்டும் போடுங்கள். அந்தக் குறியீடு, தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதையே அளக்கிறது.

தரைத்தள விடுதி அம்மா, காலை 7:41
எங்கள் விடுதியில் 20 பெண்கள் குளிக்கிறார்கள். ஐந்து கீசர்கள் ஓடுகின்றன. எங்களுக்கு இது பொருந்துமா?

3-ஏ அண்ணன், காலை 8:05
அம்மா, உங்களுக்குத்தான் இது முழுமையாகப் பொருந்தும். 400 லிட்டருக்குக் கீசரில் நாளுக்கு ஐந்தரை யூனிட்டுக்கு மேல் போகும். இதில் இரண்டு யூனிட் அளவில் முடிந்துவிடும். மார்கழியில் தண்ணீர் குளிர்வதால் சேமிப்பு இன்னும் கூடும்.

ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. முதலில் எங்களுடையதை மூடிய குழாய் அறையில் பொருத்திவிட்டார்கள். அது தான் வெளியிட்ட குளிர்ந்த காற்றையே மறுபடி இழுத்ததால் சூடேற நெடுநேரம் எடுத்துக்கொண்டது, திறந்த மொட்டை மாடிக்கு மாற்றிய பிறகே சரியானது. கடற்காற்றின் உப்பு அலுமினியத் தகடுகளை அரிக்கும் என்பதால், பூச்சுள்ளதைக் கேட்டு வாங்கி மாதமொருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர் தண்ணீர் விடுவதானால் உள்ளே உப்புப் படியும். தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் தண்டை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும்.

வெப்பநிலையை 50 டிகிரியில் வைத்தால் கம்ப்ரசர் சிரமப்படாது. பலர் குளிக்கும் இடம் என்பதால் கிருமி வளராதிருக்க வாரம் ஒருமுறை மட்டும் 60 டிகிரிக்கு ஏற்றுங்கள். அவசரச் சூட்டுக்கான பொத்தானை யாரும் தொடக்கூடாது. அதை அழுத்தினால் உள்ளிருக்கும் காயில் ஓடத் தொடங்கும், மறுபடி சாதாரணக் கீசர் செலவுதான்.

தரைத்தள விடுதி அம்மா, காலை 8:12
ஞாயிற்றுக்கிழமை மாலை மாடிக்கு வருகிறேன். நிறைந்த தொட்டியின் எடையைத் தளம் தாங்குமா என்று கொத்தனாரையும் அழைத்து வருகிறேன்.