புதுப்பிப்பு: தருமபுரியிலிருந்து ஊட்டி மலை ரயில், முதல் வகுப்பு

தருமபுரியிலிருந்து போய் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மலை ரயிலைப் பிடிப்பது எப்படி, முதல் வகுப்புக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, போய் வந்தாச்சு.

கைகொடுத்தது சேலம் யோசனைதான்: பஸ்ஸில் சேலம், அங்கே நள்ளிரவுக்கு மேல் வரும், மேட்டுப்பாளையம் வரை போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ். கோவையில் ரூம் போடத் தேவைப்படவில்லை.

முதல் வகுப்பு? கொடுக்கலாம். நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் அந்தப் பெட்டி முன்னால் போகிறது; கல்லாறு ஸ்டேஷன் தாண்டி, ஏற்றத்தில் வழுக்காமலிருக்க இன்ஜினின் பல்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவிலுள்ள பல் கம்பியைக் கடகடவென்று பிடிக்கும்போது பாதை நேரே தெரிகிறது. சொகுசு என்றால் மெத்தை சீட், அவ்வளவுதான்.

எதிர்பாராதது: வழியில் ஹில்குரோ ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நின்றபோது பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு பறித்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம், குன்னூரில் டீசல் இன்ஜின் மாட்டிவிடுகிறார்கள். நீராவிக்காகவே போகிறவர்களுக்குக் குன்னூர் வரை டிக்கெட் போதும்.