ஸ்கேன் அறிக்கையின் இரண்டாவது வரி: சிறுநீரகக் கல்லோடு ஃபேட்டி லிவரும் உள்ளவர்கள் எழுதுங்கள்

நீலவானம்:
கல் வலியைப் பற்றி எழுதப்போவதில்லை, பட்டவர்களுக்குத் தெரியும். இன்னும் என் மனதை அறுப்பது ஸ்கேன் அறையில் கழிந்த அரை நிமிடம். வலது விலாவில் கருவியை அழுத்திப் பிடித்தபடி டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். சிறுநீரகம் கருமையாகத் தெரிந்தது. அதை ஒட்டியிருந்த கல்லீரல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. "இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான், கருவி கல்லைத் தேடிப் போய்விட்டது. 4 மி.மீ., தானே இறங்கிவிடும் என்றார்கள். இறங்கியது. 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்ற இரண்டாவது வரியோடு அறிக்கையை மடித்து வைத்துவிட்டேன். மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் கல், அதே அறை. இப்போது கிரேடு 2. வலித்ததை மட்டுமே கவனித்திருக்கிறேன்.

தனிவழி:
எனக்கும் இரண்டும் உண்டு. எக்ஸ்ரேயில் கல்லே தெரியவில்லை. யூரிக் அமிலக் கல் அதில் தெரியாதாம். சி.டி. ஸ்கேனில்தான் 7 மி.மீ. என்று வந்தது. சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை ஆரஞ்சு நிறத்திலிருந்து மாறவே இல்லை, பி.எச். 5, அதாவது அமிலம் அதிகம். அந்த ஆரஞ்சு இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்சுலின் சொல்வதை உடல் கேட்காதபோது கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. சிறுநீரகமும் போதிய அம்மோனியாவை உண்டாக்குவதில்லை, சிறுநீர் அமிலமாகிறது, யூரிக் அமிலம் கரையாமல் கல்லாகிறது என்று டாக்டர் விளக்கினார். சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்திலேயே கல் கரைந்துவிட்டது. ஆகவே, கல்லுக்குக் காரணம் கல்லீரல்தான்.

கரையோரம்:
தனிவழி, உங்கள் கடைசி வரியை ஏற்க முடியாது. உங்கள் டாக்டர் சொன்னதையே மறுபடி படியுங்கள்: வேர் ஒன்று, கிளை இரண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன என்பது உண்மை. ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. அதோடு, பெரும்பாலோருக்கு வருவது யூரிக் அமிலக் கல் அல்ல, கால்சியம் ஆக்சலேட் கல்.

என் அம்மாவுக்கும் இரண்டும் இருந்தன. 'கல்லீரல்' என்ற சொல்லிலேயே கல் இருப்பதால், ஈரலில்தான் கல் என்று கடைசிவரை நம்பினார். நான் திருத்தவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஒரு நாளில் வெளியேறும் சிறுநீர் 2.5 லிட்டர் இருக்க வேண்டும். குடிக்கும் அளவு அல்ல, கழிக்கும் அளவு. உப்பைக் குறையுங்கள். கல்லுக்குப் பயந்து உணவில் கால்சியத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால், கல்லாகச் சேரும் ஆக்சலேட்டைக் குடல் உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்சும். இறங்கும் கல்லை வடிகட்டிப் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ரத்தத்தில் ஈரல் நொதிகள் சரியாக இருக்கின்றன என்று நிம்மதி அடையாதீர்கள். அவை சரியாக இருந்தும் ஈரல் தழும்பேறியிருக்கலாம். வயது, இரண்டு ஈரல் நொதிகள், ரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றை வைத்து ஈரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 மதிப்பெண்ணை டாக்டரிடம் கேளுங்கள். உடல் பருமன் உள்ளவர்கள் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் ஈரலின் அழற்சி தணியும்.

மாலைநேரம்:
கரையோரம், எடையைக் குறைக்கச் சொல்லும்போது 'மெதுவாக' என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். நான் ஈரலுக்காக மாவுச்சத்தை அறவே விட்டு, இறைச்சியிலேயே வயிற்றை நிரப்பி, இரண்டே மாதத்தில் 11 கிலோ குறைத்தேன். அடுத்த ஸ்கேனில் கொழுப்பு குறைந்திருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். அதே வாரம் விடியற்காலையில் கழிப்பறைப் பீங்கானில் 'டிக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன்: கடுகளவு, பழுப்பு நிறம். ஒன்றுக்குச் செய்த பத்தியம் மற்றதை வளர்க்கும் என்று ஈரலைப் பார்த்தவரும் சொல்லவில்லை, கல்லைப் பார்த்தவரும் சொல்லவில்லை. இருவரும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தார்கள்.

நீலவானம்:
கல்லைப் பிடித்து வைக்க வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது. என் இரண்டு கற்களும் தண்ணீரோடு போய்விட்டன. பழைய அறிக்கைகளைத் தேடி எடுத்துவிட்டேன். இரண்டு டாக்டர்களிடமும் இரண்டையும் காட்டப்போகிறேன். ஃபிப்-4 வந்ததும் எழுதுகிறேன்.