குருடனுக்குக் குருடன் வழிகாட்டும் உவமை – சூஃபி, சமண உரைகள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நல்ல குருவைத் தேடுவோருக்காக, பல மரபுகளை ஒப்பிட்டு ஒரு வாசிப்புத் தொகுப்பு தயாராகிறது. குருடனுக்குக் குருடன் வழிகாட்டும் உவமை கடோபநிடதம் 1.2.5, தீக நிகாயம் (புத்தரின் உரைத் தொகுப்பு) 13, மத்தேயு 15:14, திருமந்திரம் 1680 நான்கிலும் உண்டு.

"எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது" என்று முடிப்பதில்தான் கோளாறே. கடோபநிடதம் தம்மையே ஞானி என நினைப்பவரைச் சாடுகிறது. புத்தர் நேரில் காணாததை வழிவழியாகச் சொல்லும் வரிசையை, இயேசு பரிசேயர் என்ற யூத சமயக் குழுவினரை. திருமூலர் மட்டும் சீடனையே பிடிக்கிறார்: "குருட்டினை நீக்குங் குருவினைக் கொள்ளார்". (போலிச் சாமியாரைத் திட்டுவோர் இதை வசதியாக விட்டுவிடுவார்கள்.) அதனால் முன்பின் வரிகளோடு, யாரிடம் சொன்னது என்பதும் தேவை.

குருவைச் சோதிக்க மஜ்ஜிம நிகாயம் (இன்னொரு புத்த உரைத் தொகுப்பு) 47 போதுமானது: கண்ணால், காதால், நீண்ட நாள் கவனி, புத்தரையே சோதிக்கலாம். கேள்வி கேட்டால் பாவம் என்பவரிடம் இந்தச் சோதனைக்கே இடமில்லை.

தேவை இரண்டு: இதே உவமைக்குச் சூஃபி, சமண உரைகள் மூல எண்ணோடு, ஒரு ஷெய்கின் (சூஃபி குருவின்) சில்சிலா (குரு பரம்பரை வரிசை), இஜாஸாவை (கற்பிக்க அவருடைய குரு தந்த அனுமதியை) வெளியாள் சரிபார்க்கும் முறை. முகநூல் மேற்கோள் அட்டைகள் வேண்டாம்.